இலந்தைக் கிளைக்கு ஒரு சீட்

பகல் பன்னிரண்டரை மணி. வான் ரீனன் மலை இறக்கம்.

பேய்க் கதை என்றதும் போர்வையை இழுத்துக்கொள்ளாதே, சென்ஸோ. பகல் என்றேன். மண்டையைப் பிளக்கிற வெயில்... மேலே ஹாரிஸ்மித் பக்கம் ஒரு சரக்கு லாரி குறுக்கே சாய்ந்து பாதையை அடைத்துவிட்டது. எந்நேரமும் லாரிகள் உறுமிக்கொண்டே இறங்கும் அந்த மலையில் அன்றைக்கு ஈ காக்கை இல்லை. அடைப்பு விழுவதற்குள் தப்பி வந்த ஒரே ஒரு கார் மட்டும் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது.

என்ன காரா? உன் கார்தான். அதோ, என் ரெக்கவரி வண்டியின் கொக்கியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தொங்குகிறதே, அதே ஜாதி. நீ கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் போகிறேன். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பாவை மூடுகிற சத்தம். ஏழை நாட்டுக்காரனுக்கு இது போதும் என்று எவனோ குளுகுளு அறையில் உட்கார்ந்து தீர்மானித்துச் செய்த வண்டி. குட்டிக் காருக்குப் பின்னால் ஒரு டிக்கியை ஒட்டவைத்தான், பெரிய கார் என்றான். நாமும் வாயைப் பிளந்துகொண்டு வாங்கினோம். பதினெட்டு வருடமாக இந்தச் சாலையில் நொறுங்கியதை எல்லாம் இழுக்கிறேன். வாரத்துக்கு மூன்று வண்டியாவது இந்த ஜாதியில் வந்துவிடும். பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வாய்க்கு மரியாதை இல்லை.

இந்த யார்டுக்கு மின்சாரம் வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். மெக்கானிக் விடிந்துதான் வருவான். ந்தாபா, நீ வாட்ச்மேன்தானே, அந்த டின்னில் இன்னும் கொஞ்சம் கரியைப் போடு. இரண்டு பேரும் கிட்டே வாருங்கள். நாய் ஏன் அப்படிக் குரைக்கிறது... கட்டித்தானே போட்டிருக்கிறாய்? சரி.

இது என் சகலைக்கு நடந்தது. என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவன். பெயர் ஃபலாகே. ஆள் எப்படி என்று கேட்டால், ஒன்று சொல்கிறேன், புரிந்துகொள்ளுங்கள். சாவு வீட்டில் பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற நேரத்தில், கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து, "திரும்பிப் போக யாருக்காவது வண்டி வேணுமா?" என்று கேட்கிறவன். என் மாமனார் சாவிலேயே கேட்டான். 

ஜோஹன்னஸ்பர்குக்கும் லேடிஸ்மித்துக்கும் நடுவே ஆள் ஏற்றிப் பிழைப்பு. நாலு சீட் நிரம்பாமல் வண்டி நகராது. அவன் வாங்கியபோதே கேட்டேன், இதில் நாலாவது ஆள் எங்கேடா உட்காருவான் என்று. "மூச்சை அடக்கிட்டு உக்காருவான்" என்றான்.

அந்த வண்டியில் ஒழுங்காக வேலை செய்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான். சீட் பெல்ட் மணி. முன் சீட்டில் ஒரு பால் புட்டியை வைத்தால்கூட, யாரோ உட்கார்ந்துவிட்டான் என்று அதற்கு நினைப்பு. பெல்ட் போடு, பெல்ட் போடு என்று... டிங்... டிங்... டிங்... உன் வண்டியும் அப்படித்தானே? தெரியும். இஞ்சினில் மிச்சம் பிடித்த காசை எல்லாம் மணியில் போட்டிருக்கிறான்.

இப்போது ந்துலி பெரியவருக்கு வருகிறேன். லேடிஸ்மித் தாண்டி, பொமரோய்க்குக் கீழே மலைச்சரிவில் வீடு. நாலு மாடு, ஒரு மனைவி, ஒரே மகன் மூசி. மகனுக்கு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஜெர்மிஸ்டனில் வெல்டிங் வேலை. ஒரு ஷெட்டின் கூரையில் இருந்து விழுந்து செத்துப்போனான். முப்பத்தொரு வயது. பிணம் வந்தது, புதைத்தார்கள். ஆனால் ஆள் வரவில்லை. தாய்க்காரிக்குத் தினம் கனவு. வேலிக்கு வெளியே சட்டை இல்லாமல் நிற்கிறானாம். உள்ளே வாடா என்றால், என்னை யாரும் கூப்பிட வரலையே என்கிறானாம்.

நீ டர்பனில் வளர்ந்த பயல், சென்ஸோ, உனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? விழுந்த இடத்துக்கே போகவேண்டும். இலந்தைக் கிளையோடு. நம் காட்டு இலந்தை, ஒரு முள் நேராக, ஒரு முள் கொக்கியாக இருக்குமே, அது. அந்த இடத்தில் கிளையை வைத்து, வாப்பா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் செத்தவன் கிளையோடு வருவான். வழி நெடுக அவனிடம் பேசிக்கொண்டே வரவேண்டும். இதோ திரும்புகிறோம், இதோ ஆறு என்று. கிளை பிடித்தவர் செத்தவனைத் தவிர வேறு யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அவன் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவான். பிறகு கூப்பிட்டாலும் வருவது சந்தேகம். வண்டியில் அவனுக்கும் ஒரு சீட் உண்டு. அதற்கும் காசு கொடுத்துவிட வேண்டும்.

வழக்கமாக மற்றவர்களிடம் பேசுவதற்கென்று கூட ஒருவர் வருவார். பெரியவருடைய தம்பி வருவதாக இருந்தது, காய்ச்சலில் படுத்துவிட்டான். பெரியவர் தனியாகத்தான் போனார். வண்டிக்கு என்னிடம் கேட்டார். நான்தான்... ஆமாம், நான்தான் ஃபலாகேயைக் காட்டினேன். அவனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "எனக்குத் தெரியாதாண்ணே, நானும் ஜூலுதானே" என்றான்.

காலை ஏழு மணிக்கு ஜெர்மிஸ்டனில் ஏற்றினான். முன் சீட்டில் அவனுடைய ஸ்பீக்கர் பெட்டி, ஒரு கன்றுக்குட்டி அளவு. அதற்கு பெல்ட் போட்டு வைத்திருந்தான், இல்லாவிட்டால் மணி கத்துமே. பின்னால் இடது ஜன்னல் ஓரம் பெரியவர், மடியில் கிளை. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த சீட் மூசிக்கு; அதற்கும் சேர்த்து முழு வண்டிக்கும் பெரியவர் முன்பே காசு கொடுத்திருந்தார். பெரியவர் அந்தக் காலி சீட்டுக்குத் தன் கையால் பெல்ட்டை மாட்டி, மகனுடைய தொப்பியை அதன்மேல் வைத்தார். வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்த தொப்பி.

வால் ஆறு வந்தது. பெரியவர் கிளையிடம் குனிந்து, "மூசி, வால் ஆத்தைத் தாண்டுறோம்ப்பா. பயப்படாதே" என்றார்.

இந்த நாய் ஃபலாகே என்ன சொன்னான் தெரியுமா? "பாபா, அவனுக்கு நீச்சல் தெரியுமான்னு கேளுங்க" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் பங்க். அங்கே ஒரு ஆள் நிற்கிறார். சாவுச் செலவுக்குக் காப்பீடு விற்கிற ஏஜென்ட். கோட்டு, பெட்டி, கையில் பொரித்த கோழி. தோள் இரண்டும் கதவு அகலம்.

"லேடிஸ்மித் போற வண்டியா தம்பி?"

"ஏறுண்ணே. ஒரு சீட் சும்மாத்தான் கெடக்கு."

பெரியவர் பதறிப்போய் ஃபலாகேயின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டுகிறார். காலி சீட்டைக் காட்டுகிறார், கிளையைக் காட்டுகிறார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். எழுபது வயது மனிதர், ஊமையைப் போல.

ஃபலாகே அந்தக் கையை எடுத்துவிட்டான். "பாபா, ஒங்க மகன் என்ன வெயிட்டா இருக்கப்போறான்? மடியில வெச்சுக்குங்க. பிடிக்கலையா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுங்க. இப்பவே இவரை எறக்கிவிட்டுடறேன்."

திறக்க முடியாது என்று தெரிந்தே சொன்னான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அவன் பல்லை எடுத்து அவன் கையிலேயே கொடுத்திருப்பேன்.

பெரியவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. ஃபலாகே காலி சீட்டின் பெல்ட்டைக் கழற்றினான். தொப்பியை எங்கே வைப்பது என்று பார்த்தான்... கண்ணில் வெயில் அடித்தது, எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். ஏஜென்ட் உட்கார்ந்தார். அவருடைய சீட் போதாமல் நடு இடத்துக்கும் வழிந்தார். நடு இடம் என்று ஒன்று அந்த வண்டியில் இருப்பதாகச் செய்தவன் சொல்கிறான், அதை விடு. ஒரு கோழிக்குஞ்சு உட்காரக்கூட இடம் இல்லை.

பெரியவர் கிளையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முள் கன்னத்தில் கீறியது.

"மூசி... கண்ணு... ஒன் எடத்துல வேற ஆளு உக்காந்துட்டாருப்பா. கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிடாதே. இந்த வண்டில ஒனக்கு எங்க எடம் கெடைக்குதோ அங்க உக்காந்துக்கோ. வீட்டுக்கு மட்டும் வந்துடு."

ஃபலாகே சாவியைத் திருப்பினான்.

டிங்.

ஸ்பீக்கர் பெட்டி இருந்த சீட்டுக்கு இல்லை. ஓட்டுநர் பெல்ட்டுக்கான சிவப்பு விளக்கு. அவன் பெல்ட் போட்டிருக்கிறான். கழற்றி மாட்டினான். டிங்... டிங்... மட்ட வண்டி என்று ஸ்டீயரிங்கில் ஒரு குத்து விட்டுவிட்டுக் கிளம்பினான்.

அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தப் பன்னிரண்டரை மணி. ஆளில்லாத இறக்கம். முதலில் வாசனை வந்தது. வெல்டிங் குச்சி எரிந்தால் வருமே, நாக்கில் இரும்பு ஒட்டுகிற மாதிரி ஒரு வாசனை. ஏஜென்ட்கூடக் கேட்டார், "என்னமோ கருகுதே தம்பி" என்று. ஃபலாகே ஜன்னலை இறக்கினான். போகவில்லை. வாசனை வெளியே இருந்து வரவில்லை, தொப்பியில் இருந்தும் வரவில்லை என்றான் பிறகு. அவன் மூக்குக்கு நேரே, ரொம்பக் கிட்டே... ஒருவன் பிடரி இருக்கிற தூரத்தில் இருந்து வந்ததாம்.

பிறகு தொடையில் பாரம். ஒரு பெரிய ஆள் மடியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. மூச்சு முட்டியது. பிரேக்கை அழுத்தக் காலைத் தூக்கப் போனான். தூக்குவதற்குள் பிரேக் இறங்கியது.

"நான் அழுத்தலண்ணே" என்று என்னிடம் அழுதான். "எங்காலுக்கு மேல ஒரு காலு இருந்துச்சு. பூட்ஸு போட்ட காலு."

கியர் தானாக விழுந்தது. சரியான கியர். அறுபதைத் தாண்டவில்லை ஸ்பீடு முள். வளைவுக்கு வளைவு விளக்குப் போட்டுத் திரும்பினான். அவன் ஆயுளில் முதல் தடவையாக ஒழுங்காக ஓட்டினான் அந்தத் தடியன்.

பின்னால் இருந்த ஏஜென்ட் கோழி எலும்பைச் சப்பிக்கொண்டே, "நல்லா பொறுப்பா ஓட்டுறியே தம்பி" என்றார்.

டிங்... டிங்... டிங்...

லேடிஸ்மித் வந்தது. ஏஜென்ட் நிறுத்து என்றார். நிற்கவில்லை. ஏய், நிறுத்துடா என்று கத்தினார். ஃபலாகே திரும்பிப் பார்க்க நினைத்தான், கழுத்து திரும்பவில்லை. சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி கோட்டுக்குப் பின்னால் அழகாக நின்றது. ஏஜென்ட் கதவைத் திறந்துகொண்டு ஓடியவர், பெட்டியைக்கூட எடுக்கவில்லை. ஃபலாகே அதை என் யார்டில் கொண்டுவந்து போட்டான், மறுநாள் இங்கே வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னதும் இதேதான், ஒரு சொல் கூடக் குறைவில்லை.

பெரியவர் காலி சீட்டைத் தடவிப் பார்த்தார். "மூசி, ஒன் எடம் ஒழிஞ்சிடுச்சுப்பா. வா, மாறி உக்காந்துக்கோ" என்றார்.

மணி நிற்கவில்லை. அவன் மாறவில்லை.

இன்னொன்று கேளுங்கள். ஃபலாகேக்கு அந்த வீட்டுக்கு வழி தெரியாது. பெரியவரால் வாயைத் திறந்து வழி சொல்ல முடியாது. அதனால் பொமரோய் கடைத்தெருவில் தாய்க்காரி மாசிபியா குடையோடு நின்று வழி காட்டுவதாகப் பேச்சு. நின்றாள். வெள்ளைக் கார் வருவதைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். வண்டி நிற்கவில்லை. ஹாரன் மட்டும் அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

குடை கையை விட்டு விழுந்தது அவளுக்கு. மகன் லீவில் வரும்போது மலை முனையில் திரும்பினால் அப்படித்தான் அடிப்பானாம், சோறு எடுத்து வை என்பதற்கு.

இடிந்த மாட்டுத் தொட்டி இருக்கிற இடத்தில் இடதுபக்கம் திரும்பியது வண்டி. நடுவில் ஒரு பள்ளம், ஊர்க்காரனுக்கு மட்டும் தெரிந்த பள்ளம், அதை ஒதுங்கிப் போனது. வேலிக்கு வெளியே மருலா மரம். அதன் கீழே பின்பக்கமாகத் திருப்பி, மூக்கு சாலையைப் பார்க்கிற மாதிரி நின்றது. இஞ்சின் அணைந்தது. சாவியைத் திருப்பியது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பெரியவர் கிளையோடு இறங்கினார். வேலிக்குள் போய், முன்னோர் குடிசையில் பின்சுவர் ஓரம் கிளையை வைத்து, வீடு வந்துவிட்டோம் என்று சொன்னார். இனி பேசலாம். மனைவி வருகிறவரை வாசலில் நின்றார். அவள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். இரண்டு பேரும் காருக்கு வந்தார்கள். உள்ளே மணி இன்னும்... டிங்... டிங்...

பெரியவர் ஓட்டுநர் கதவைத் திறந்தார்.

"எறங்குப்பா. வீடு வந்துடுச்சு."

ஃபலாகே வேர்த்துக் கொட்டிக்கொண்டு, தப்பித்தேன் என்று காலை வெளியே வைக்கப் போனான்.

"ஒன்னச் சொல்லல" என்றார் பெரியவர்.

அப்படியே உட்கார்ந்தான். பெல்ட் தானாகக் கழன்று சுருண்டு போனது. மடியில் இருந்த பாரம் எழுந்தது. வண்டி ஒரு பக்கமாக உயர்ந்தது, ஒருவர் இறங்கினால் உயருமே, அப்படி. நன்றாகவே உயர்ந்தது. மணி நின்றுவிட்டது. மாசிபியா தொப்பியை ஃபலாகே தலையிலிருந்து எடுத்துக்கொண்டாள். உள்ளே வா என்று அவனை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. வேலியைச் சாத்திக்கொண்டார்கள்.

அவ்வளவுதான்.

என்ன அவ்வளவுதானா? பொறு, ந்தாபா. கதை முடிந்தது என்று நானும் அன்றைக்கு நினைத்தேன்.

ஃபலாகே திருந்திவிட்டான். யாரிடமும் சத்தமாகப் பேசுவதில்லை. வண்டி வேணுமா என்று கேட்டுக்கொண்டு கூட்டத்தில் நுழைவதில்லை. அறுபதுக்கு மேல் போவதில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் போனில் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் குத்துகிறார்கள். என் கொழுந்தியாள்தான் ஒருநாள் வந்து அழுதாள். "அத்தான், அவரு நல்லாத்தான் இருக்காரு. ஆனா ராத்திரி பக்கத்துல படுத்தா... மெத்த அமுங்க மாட்டேங்குது" என்றாள். போடி பைத்தியமே என்று திட்டி அனுப்பிவிட்டேன்.

பிறகு மனசு கேட்காமல், பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க பொமரோய்க்குப் போனேன். அவனைக் காட்டியவன் நான்தானே. மாசிபியா சோளக் கள் கொடுத்தாள். மூசி இப்போது கனவில் சட்டை போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறானாம். நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றாள். எனக்கும் பாரம் இறங்கியது.

விடைபெறும்போது வேலி வரைக்கும் கூட வந்தாள். "ஒன்னு கேக்கணும் தம்பி. இப்ப கனவுல வேலிக்கு வெளியே வேற ஒருத்தன் நிக்கிறான். தினம் நிக்கிறான். உள்ள வரவும் மாட்டேங்குறான், போகவும் மாட்டேங்குறான். போற வர்ற எல்லாரையும் பாத்து, திரும்பிப் போக யாருக்காவது வண்டி வேணுமான்னு கேட்டுக்கிட்டே நிக்கிறான். ஒனக்கு ஆளத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

போன மாதம் ஃபலாகேக்குக் கண் வலி. அவன் வண்டியை நான் ஓட்டினேன், அந்த பிஸ்கட் டப்பாவை. அவன் முன் சீட்டில், என் பக்கத்தில். முக்கால் மணி நேரம் போயிருப்போம்... என்னவோ குறைகிறதே என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. எஸ்ட்கோர்ட் பங்க்கில் சிகரெட் வாங்க இறங்கினான். இறங்குகிறபோது பார்த்தேன். அவன் பெல்ட்டே போட்டிருக்கவில்லை.

மணி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அந்த வண்டியில் எதுதான் கெடாது? என் சீட்டுக்கடியில் வீட்டுக்கு வாங்கிய பால் புட்டி இருந்தது. எடுத்து அவன் சீட்டில் வைத்தேன்.

டிங்... டிங்... டிங்...

எடுத்தேன். நின்றது.

அவன் சிகரெட்டோடு வந்தான். கதவைத் திறந்தான். அதே சீட்டில் ஏறி உட்கார்ந்து, "போலாமாண்ணே" என்றான். பெல்ட் போடவில்லை. நான் வண்டியை எடுக்காமல் ரொம்ப நேரம் காத்திருந்தேன்... சத்தமே இல்லை.